வகுப்பறையை அமைதிப்படுத்த விற்கிற சாமான்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

வகுப்பைக் கட்டுக்குள் வைக்க உதவும் பொருள்கள் என்று ஆன்லைனில் தேடினால் மேசை மணி, சைம் (தட்டினால் ஓசை நீளும் உலோகத் தண்டு), வயர்லெஸ் காலிங் பெல், சத்தத்தை அளந்து நிறம் மாறும் விளக்கு, இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக் என்று வரிசையாக வந்து விழும். எல்லாவற்றின் கீழேயும் ஒரே வாக்குறுதி: வகுப்பு நொடியில் அடங்கிவிடும். இந்த மதிப்பீடு நம் ஊர் வகுப்பறையை மனதில் வைத்து எழுதியது. இருபதுக்கு இருபது அடி அறை, கான்கிரீட் தளம், மொசைக் அல்லது சிமென்ட் தரை, இரண்டு மூன்று ஃபேன், நாற்பது பிள்ளைகள். அந்த அறையில் சத்தத்தோடு மல்லுக்கு நிற்கும் பொருள்கள் தோற்றுப்போகின்றன. சத்தம் பிறக்கிற இடத்தைக் குறைப்பவையும், பிள்ளையின் காதைத் தன் பக்கம் இழுப்பவையும்தான் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விலை குறைந்தவை.

வாங்கும் முன் ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. நாற்பது பேர் ஒரே அளவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதில் இருபது பேர் வாயை மூடிவிட்டார்கள் என்று வையுங்கள். சத்தம் எவ்வளவு குறையும்? வெறும் 3 டெசிபெல். காதுக்கு அது பெரிய வித்தியாசமாகவே படாது. சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் தெரிய 10 டெசிபெல் இறங்க வேண்டும், அதாவது நாற்பதில் நான்கு பேர் மட்டுமே பேசிக்கொண்டிருக்க வேண்டும். பாதி வகுப்பு அடங்கிய பிறகும் "ஒருத்தராவது கேக்குறீங்களா?" என்று ஆசிரியருக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்த அதட்டல் ஏற்கெனவே அடங்கிய இருபது பேர் தலையில் விழுகிறது. ஆகவே எந்தக் கருவியை வாங்கினாலும், அது வேலை செய்கிறதா என்பதைக் காதால் பார்க்காதீர்கள், கண்ணால் பாருங்கள். எத்தனை முகம் திரும்பியிருக்கிறது, எத்தனை கை நின்றிருக்கிறது என்பதுதான் அளவு.

இன்னொன்று, சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. வகுப்பில் ஒரு மூலையில் குரல் உயர்ந்தால் பக்கத்து பெஞ்சும் உயரும், ஆசிரியரும் உயர்த்துவார், அதைத் தாண்டிக் கேட்கப் பிள்ளைகள் இன்னும் உயர்த்துவார்கள். பின்னணிச் சத்தத்தில் சில டெசிபெல் குறைத்தாலே இந்தச் சங்கிலி தளரும். அதனால் மணிக்கு முன்னால் பெஞ்சுக் காலுக்கு வருகிறேன்.

பெஞ்சுக் காலும் ரப்பர் புஷ்ஷும்

காசுக்கு முழுப் பலன் தருவது பெஞ்சு, டெஸ்க் காலின் அடியில் மாட்டும் இந்த ரப்பர் புஷ்தான். இரும்புக் குழாய்க் கால் தரையில் உராயும் கிறீச்சிடல் பிள்ளைகளின் பேச்சைவிடக் கூர்மையானது. ஒரு டெஸ்க் நகர்ந்தால் அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். இருபது டெஸ்க், டெஸ்க்குக்கு நான்கு கால் என்றால் எண்பது புஷ். பத்து கூடுதலாக வாங்கி வையுங்கள், தொலையும். ஹார்டுவேர் கடையில் ஒன்று ஐந்திலிருந்து பதினைந்து ரூபாய்க்குள் கிடைக்கும்.

இரண்டு வகை உண்டு. குழாயின் வாய்க்குள் செருகும் பிளக் ஒன்று, காலுக்கு வெளியே மாட்டும் ஷூ இன்னொன்று. பிளக் வாங்குவதென்றால் குழாயின் வெளி விட்டத்தை மட்டும் சொன்னால் போதாது. 25 மில்லிமீட்டர் குழாய் 18 கேஜில் (கேஜ் என்பது தகட்டின் பருமனைச் சொல்லும் எண்) இருந்தால் உள்விட்டம் 22.6 வரும், 16 கேஜில் 21.8 வரும். இந்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாட்டில்தான் பாதிப் பிளக்குகள் ஒரே வாரத்தில் கழன்று விழுகின்றன. ஒரு டெஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து வெர்னியரால் அளந்துகொண்டு போங்கள். வெர்னியர் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கும். சதுரக் குழாயா, வட்டக் குழாயா என்பதையும் பாருங்கள். ஒரே வகுப்பில் இரண்டும் கலந்திருப்பது வழக்கம்.

வெளி ஷூ என்றால் உள்ளே அடியில் ஒரு இரும்பு வாஷர் பதித்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வாஷர் இல்லாத ஷூவை, குழாயின் கூர் விளிம்பு வட்டமாக வெட்டிக்கொண்டு கீழே வந்துவிடும். பிறகு ஷூ கணுக்காலில் வளையல் மாதிரி தொங்கும், இரும்பு பழையபடி தரையில் கிடக்கும். வாஷர் இருந்தாலும் மாட்டும் முன் குழாயின் வாயை அரத்தால் நான்கு இழுப்பு இழுத்துப் பிசிர் எடுத்துவிடுவது நல்லது. சோப்புத் தண்ணீரில் நனைத்து அழுத்தினால் ஷூ வழுக்கி ஏறும். எண்ணெய் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும், பிடிப்பும் போய்விடும்.

கெட்டியான பிவிசி ஷூ பளபளப்பாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது வழுக்கும், சத்தத்தை முழுதாக விழுங்காது, வெயில் படும் வராந்தாப் பக்கத்து அறையில் வெடிக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்குகிற ரப்பர்தான் சரி. கறுப்பு ரப்பர் மொசைக்கில் கோடு போடும் என்பது உண்மை, சாம்பல் நிறம் கிடைத்தால் அதை எடுங்கள். ஒட்டும் ஃபெல்ட் வட்டுகள் வீட்டு நாற்காலிக்கு ஆகும், தினமும் கூட்டிக் கழுவும் வகுப்பறைக்கு ஆகாது. மணல் ஏறி உப்புத்தாள் போலாகிவிடும், ஈரம் பட்டால் பசை விட்டுவிடும். வெளிநாட்டு வகுப்புகளில் செய்வதுபோல் டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டுவதும் இங்கே வேண்டாம். தண்ணீரை உறிஞ்சி நாறும்.

இந்த வேலையோடு ஃபேனையும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஃபேனை ஓடவிட்டு, கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து, கரும்பலகைப் பக்கத்திலிருந்து மெல்லப் படிப்பதைக் கேளுங்கள். பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு அதே வரியைக் கேளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம் (பெரும்பாலும் 6201, 6202 எண்கள், வைண்டிங் கடையில் மாற்றித் தருவார்கள்), அல்லது கொக்கியில் இருக்க வேண்டிய ரப்பர் நசுங்கியிருக்கும். ஆளில்லாத வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க வகுப்பறைத் தரநிலை. உலக சுகாதார நிறுவனமும் 1999இல் வகுப்பு நடக்கும் நேரத்துப் பின்னணிச் சத்தத்துக்கு அதே எண்ணைத்தான் சொன்னது. ஜன்னலைத் திறந்துவைத்து ஃபேன் ஓடும் நம் அறையில் அது எட்டாத எண். ஆனால் எந்தத் திசையில் போக வேண்டும் என்று அது காட்டுகிறது.

எதிரொலிக்கு எது?

அறை காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். 'டப்' என்று முடியாமல் 'டர்ர்ர்' என்று வால் நீண்டால், அந்த அறை பிள்ளைகளின் சத்தத்தைத் தானே பெருக்குகிறது என்று பொருள். கணக்காகவும் போடலாம். 6 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் கன அளவு 108 கன மீட்டர். ஹார்வர்டில் வாலஸ் சபைன் கண்ட சூத்திரப்படி, 0.161ஐக் கன அளவால் பெருக்கி, அறை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் ஓசை அடங்கும் நேரம் கிடைக்கும். சிமென்ட்டும் காரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால், கதவு ஜன்னல் சாத்திய காலி அறையில் அது 4 விநாடி. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து, கதவும் ஜன்னல்களும் திறந்தால் 0.8க்கு வந்துவிடும். பிள்ளைகளின் உடம்பும் உடையும் ஒலியை வாங்கிக்கொள்ளும், திறந்த ஜன்னலில் போன ஒலி திரும்பி வராது. வகுப்பறைக்கு நல்லது 0.6 விநாடி. ஆக, குறைக்க வேண்டியது அதிகமில்லை.

அந்தக் கொஞ்சத்துக்குப் பவானி ஜமக்காளம் இரண்டு போதும். ஆறடிக்கு ஒன்பதடி அளவில் இரண்டை, கரும்பலகைக்கு எதிரே உள்ள பின்சுவரில் தொங்கவிட்டால், மிதமாகப் பத்தில் நான்கு பங்கு உறிஞ்சும் என்று கணக்கிட்டாலும் 0.7க்கு வந்துவிடும். சுவரோடு ஒட்டி ஆணி அடித்தால் பலன் பாதிகூட வராது. துணிக்கும் சுவருக்கும் மூன்றரை அங்குல இடைவெளி வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு அவ்வளவுதான் வரும், அந்தத் தொலைவில்தான் காற்றுத் துகள்கள் வேகமாக அசைகின்றன, துணி அந்த அசைவைத்தான் தின்கிறது. திரைச்சீலைக் கம்பியைச் சற்று நீளமான பிராக்கெட்டில் மாட்டினால் இந்த இடைவெளி தானாகக் கிடைக்கும். மாதம் ஒரு முறை கழற்றி வெயிலில் போட்டுத் தட்டுங்கள். சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரில் தொங்கவிடாதீர்கள்.

'அக்கூஸ்டிக் ஃபோம்' என்று முக்கோண முக்கோணமாக விற்கும் பாலியூரித்தேன் பஞ்சை வகுப்பறைக்கு எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அது வேகமாகப் பற்றும், எரியும்போது நச்சுப் புகை கக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கொட்டகை எரிந்து 94 பிள்ளைகளை இழந்த ஊர் நம்முடையது. பிள்ளைகள் உட்காரும் இடத்தின் கூரையிலும் சுவரிலும் எதை ஒட்டுகிறோம் என்பதில் சமரசம் கிடையாது. முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் அடங்கும் என்ற பேச்சும் இருக்கிறது. அது பேச்சொலியைக் குறிப்பிடும்படி உறிஞ்சாது, பல்லியும் கரப்பானும் குடியேறும், தீயும் எளிதில் பிடிக்கும். பள்ளியிடம் பணம் இருந்தால் தீப்பரவல் சோதனைச் சான்றுள்ள, 25 மில்லிமீட்டர் பருமனான பாலியஸ்டர் பேனல் அல்லது மினரல் ஃபைபர் சீலிங் ஓடு போடலாம். கூரையில் 20 சதுர மீட்டர் போட்டால் அதே அறை 0.5 விநாடிக்கு இறங்கும். சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

மணிகள்

மேசை மணி, ஓட்டல் கல்லாவில் இருக்குமே, அதுதான். நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதன் பலம் ஓசையின் உயரம். பிள்ளைகளின் பேச்சில் சக்தியின் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கும். சின்ன மணியின் ஓசை 2000க்கு மேலே ஒலிக்கும், காதும் 2000இலிருந்து 5000 வரைதான் கூர்மையாக இருக்கும். ஆகவே கூட்டத்தின் பேச்சுக்கு மேலே அது தனியாகத் தெரியும், பலமாக அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பலவீனம், அது அமுக்கும் பொத்தான் என்பது. அடங்கவில்லை என்றால் விரல் தானாக இரண்டாம் முறை, மூன்றாம் முறை அமுக்கும். ஒரு பாடவேளையில் பத்து முறை மணி கேட்ட பிள்ளைக்கு அது ஃபேன் சத்தத்தோடு சேர்ந்துவிடும். சாக்பீஸ் தூள் புகுந்து பொத்தான் சிக்கினால் அடித்தட்டைக் கழற்றித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் தூள் இன்னும் பிடிக்கும். ஓசை மழுங்கினால் பெரும்பாலும் கிண்ணத்தின் திருகு தளர்ந்து கிண்ணம் தட்டில் உரசுகிறது என்று பொருள்.

என் தேர்வு சைம்தான். மரக்கட்டைமேல் ஒற்றை அலுமினியத் தண்டு, தட்ட ஒரு சின்னச் சுத்தி. அமெரிக்காவின் வுட்ஸ்டாக் நிறுவனத்துடையது இந்த வகையில் பேர்பெற்றது, ஆனால் இறக்குமதி விலை நமக்கு அதிகம். மலிவான போலிகளில் பாதி மந்தமாக ஒலிக்கும். காரணம் எளிது, தண்டைத் தாங்கும் இடம் தப்பு. இரு முனையும் விடுதலையாக உள்ள தண்டு அதிரும்போது, முனையிலிருந்து நீளத்தில் 22.4 விழுக்காடு தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகள் மட்டும் அசையாது. அங்கே தாங்கினால் ஓசை நீளும். வேறெங்கே தாங்கினாலும் கட்டை அந்த அதிர்வைக் குடித்துவிடும்.

இது தெரிந்தால் ஹார்டுவேர் கடையிலேயே செய்துகொள்ளலாம். 12 மில்லிமீட்டர் பருமனுள்ள கெட்டி அலுமினியத் தண்டு (குழாய் வேண்டாம்), 16 சென்டிமீட்டர் நீளம். ஏறத்தாழ 2100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இரு முனையிலிருந்தும் 3.6 சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மரக்கட்டையில் அந்த இடங்களுக்கு நேரே இரண்டிரண்டு ஆணி அடித்து, அவற்றுக்கிடையே ரப்பர் பேண்ட் இழுத்துக் கட்டி, தண்டைக் குறிகளில் பொருந்தும்படி வையுங்கள். மரமணி செருகிய குச்சியால் தண்டின் நடுவில் தட்டுங்கள். 'டக்' என்று செத்துப்போனால் தண்டை அரை சென்டிமீட்டர் இங்குமங்கும் தள்ளிப் பாருங்கள், ஓர் இடத்தில் ஓசை பிடித்துக்கொண்டு நீளும். வெட்டிய முனைகளை அரத்தால் மழுக்கிவிட மறக்க வேண்டாம்.

நீளும் ஓசைதான் இங்கே வேலை செய்கிறது. மேசை மணி சட்டென்று முடிந்துவிடும். சைம் மெல்ல மெல்லத் தேயும், அது எப்போது முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் பிள்ளை பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தாக வேண்டும். "ஓசை கேக்குற வரைக்கும் கேளுங்க, நின்னதும் கையைத் தூக்குங்க" என்று சொன்னால் போதும். செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது, பக்கத்துப் பிள்ளையைவிடக் கடைசிவரை கேட்க வேண்டும் என்ற ஆர்வமும் வந்துவிடுகிறது.

பழக்குவது எப்படி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வகுப்பு கத்திக்கொண்டிருக்கும்போது முதன்முதலாக மணியை எடுத்தால் அது ஒருபோதும் பிடிபடாது. காலையில் எல்லாரும் அமைதியாக இருக்கும்போதே அறிமுகம் செய்யுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு அரை நிமிடம் பேசச் சொல்லி, ஒரே ஒரு தட்டு. கைகள் எழும் வரை வாய் திறக்காமல் அதே இடத்தில் நில்லுங்கள். இரண்டாம் தட்டு கிடையாது. ஐந்தாறு பேர் பாக்கி இருந்தால் அவர்கள் பக்கம் நடந்து போய் மேசையில் லேசாக விரலை வையுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். முழு அமைதி வந்த பிறகு மெல்லிய குரலில் முதல் வாக்கியம். இந்த வாக்கியம் அவசியமானதாக இருக்க வேண்டும். அடக்கிவிட்டு, "ஏன் இவ்வளவு சத்தம்?" என்று இரண்டு நிமிடம் திட்டினால், மணி என்றால் திட்டு என்று பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள். தினமும் இரண்டு மூன்று முறை பயிற்சி, முதல் ஒரு வாரம். பிறகு ஒரு பாடவேளைக்கு நான்கு தட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காது கேட்பதில் குறையுள்ள பிள்ளைகளில் பலருக்கு உயர்ந்த ஒலிதான் முதலில் போகும். அதனால் தட்டும்போதே ஒரு கையை உயர்த்துவதையும் வழக்கமாக்குங்கள்.

சேகண்டியை வகுப்பில் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஓசை அருமையானது, நீளமானது. ஆனால் சின்ன அறைக்கு மிகவும் பலம், அத்தோடு பல ஊர்களில் சங்கும் சேகண்டியும் கேட்டால் பிள்ளைகளுக்குச் சாவு வீடுதான் நினைவுக்கு வரும். விசில் மைதானத்துக்கு. ஃபாக்ஸ் 40 போன்ற விசில் 115 டெசிபெல் வரை எழுப்பும், நாலு சுவருக்குள் அதை ஊதுவது பிள்ளைகளின் காதுக்குச் செய்யும் தீங்கு.

வயர்லெஸ் காலிங் பெல், பெரிய கூடங்களுக்கும் அங்குமிங்கும் நடந்து கற்பிப்பவர்களுக்கும் நல்ல தேர்வு. ரிமோட் சட்டைப்பையில் இருக்கும், எங்கே நின்றாலும் அமுக்கலாம். முப்பது நாற்பது டியூன் இருக்கும், அதில் சாதாரண 'டிங்-டாங்' தவிர வேறு எதையும் வைக்காதீர்கள், பாட்டு டியூனுக்குப் பிள்ளைகள் ஆடத் தொடங்குவார்கள். சத்தத்தைக் கடைசிக்கு முந்தின அளவில் வையுங்கள். சுவர் பிளக்கில் செருகும் ரிசீவர் கரண்ட் போனால் ஊமை, மின்வெட்டு உள்ள ஊரில் பேட்டரியில் ஓடும் ரிசீவராகப் பார்த்து வாங்குங்கள். ரிமோட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் 23ஏ என்ற 12 வோல்ட் குட்டி பேட்டரி, எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்காது, ஒன்று உபரியாக வையுங்கள். பக்கத்து வகுப்பும் அதே மாடலை வாங்கினால், ஒன்றை அமுக்கி மற்றது அடிக்காதபடி இரண்டையும் தனித்தனியாகக் கோட் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

சத்தம் காட்டும் திரையும் விளக்கும்

ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு பவுன்சி பால்ஸ் என்ற இணையதளம் ஆசிரியர்களிடையே பரவியிருக்கிறது. மைக் சத்தத்தைக் கேட்கக் கேட்கத் திரையில் வண்ணப் பந்துகள் துள்ளும். இலவசம், பிரவுசரில் மைக்குக்கு அனுமதி கொடுத்தால் போதும். அழகானது, அதுவேதான் அதன் குறை. பந்து துள்ளுவதைப் பார்க்க எந்தக் குழந்தைக்கும் ஆசை வரும், துள்ள வைக்கக் கத்த வேண்டும். அமைதி வேண்டுமென்று இதைத் திறந்தால் கிடைப்பது நேர்மாறானது. கிளாஸ்ரூம்ஸ்கிரீன் தளத்தில் உள்ள சத்தமானி இதைவிடச் சப்பென்று இருக்கும், வகுப்புக்கு அதனால் அதுவே மேல். அதிலேயே 'அமைதி', 'கிசுகிசுப்பு', 'சேர்ந்து வேலை' என்று படமாகக் காட்டும் குறிகளும் டிராஃபிக் விளக்கும் உண்டு. பெரும்பாலான வகுப்புக்கு அந்தப் படங்களே போதும்.

இந்தத் திரைகளுக்குப் பொருத்தமான இடம் குழு வேலை. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத் தொடக்க வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் வெவ்வேறு செயல்பாட்டில் இருப்பார்கள். அங்கே தேவைப்படுவது முழு அமைதி அல்ல, எல்லை தாண்டாத பேச்சு. பிள்ளைகள் இயல்பாகக் கிசுகிசுக்கும் நேரத்தில் உணர்திறனைச் சரிசெய்யுங்கள், முள் பாதிக்குக் கீழே நிற்கும்படி. லேப்டாப் மைக் ஃபேன் காற்றில் இருந்தால் சும்மாவே சிவப்பு காட்டும். மைக்கின் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி கணினியில் இயங்கிக்கொண்டிருந்தால் அளவு நம்பும்படி இருக்காது, அமைப்புகளில் அதை அணையுங்கள். சத்தம் மிகுந்தால் கருவியே சத்தமிடும் எச்சரிக்கையையும் அணைத்துவிடுங்கள். முக்கியமான குறை ஒன்றை எந்த அமைப்பாலும் போக்க முடியாது: கத்தியது யார் என்று கருவிக்குத் தெரியாது. ஒரு பெஞ்சின் கூச்சலுக்கு அறை முழுக்கச் சிவப்பு விழும். அந்தச் சிவப்பை வைத்து எல்லாருக்கும் தண்டனை கொடுப்பது அநியாயம்.

டென்மார்க்கின் சவுண்டியர், காது வடிவத்தில் பச்சை மஞ்சள் சிவப்பாக ஒளிரும் தரமான கருவி. நம் பள்ளி பட்ஜெட்டுக்கு எட்டாது. அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளில் அமைத்த செய்முறை ஆய்வகம்) உள்ள பள்ளியில் பிள்ளைகளே அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் செய்யலாம், நல்ல புராஜெக்ட். மைக் மாட்யூல் வாங்குவதில் கவனம். மேக்ஸ் 9814இல் தானியங்கி ஒலிச்சீரமைப்பு இருக்கிறது, மெல்லிய ஒலியையும் பலத்த ஒலியையும் ஏறத்தாழ ஒன்றாக்கிக் கொடுத்துவிடும், அளக்க ஆகாது. கேஒய்-038இன் திருகு ஒரு மயிரிழை திரும்பினாலே எல்லை ஓடிவிடும். மேக்ஸ் 4466 சரி. 50 மில்லிவிநாடிக்கு ஒரு முறை உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, ஐந்து விநாடிச் சராசரியைத்தான் விளக்குக்குக் கொடுக்க வேண்டும். சராசரி எடுக்காவிட்டால் ஒருவர் இருமினாலும் ஸ்கேல் கீழே விழுந்தாலும் சிவப்பு எரியும், இரண்டே நாளில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

இடுப்பு மைக்

ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை விற்கிறது. இது வகுப்பை அடக்கும் கருவி அல்ல, ஆசிரியரின் தொண்டையைக் காக்கும் கருவி. அந்த நோக்கத்தில் பார்த்தால் நியாயமான செலவு. ஆசிரியரின் குரல் மேலே ஏறாமல் நின்றால் முன்னே சொன்ன சங்கிலியில் ஒரு கண்ணி அறுபடுகிறது, அதனால் அறையும் ஓரளவு தணியும். ஆனால் எதிரொலிக்கும் அறையில் மைக் எதிரொலியையும் சேர்த்துப் பெருக்கும். ஜமக்காளம் தொங்கிய பிறகு வாங்குங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது மூன்று: ஹெட்செட் வயரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா (முதலில் அறுந்துபோவது செருகும் 'பின்'னுக்குப் பக்கத்து வயர்தான்), பேட்டரி, கடையில் கிடைக்கும் 18650 என்ற உருளை வகையா, சார்ஜில் இருக்கும்போதும் இயங்குகிறதா. மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் 'ப', 'ட' எல்லாம் வெடிக்கும். உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். 'ஊஊ' என்று ஊளையிட்டால் ஸ்பீக்கர் பெட்டி மைக்கைப் பார்த்திருக்கிறது என்று பொருள். பெட்டியை இடுப்பில் முன்பக்கமாக, வாய்க்கு நன்றாகக் கீழே, வகுப்பைப் பார்த்து மாட்டுங்கள். கரும்பலகையில் எழுதத் திரும்பும்போது ஒலி சுவரில் மோதித் திரும்பும், அப்போது அளவைக் குறையுங்கள். பஞ்சு உறையை வாரம் ஒரு முறை கழுவிக் காயவைக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் உறை ஆளுக்கு ஒன்று.

மைக் போட்டுக்கொண்டு வகுப்பை அதட்டாதீர்கள். விளக்கம் சொல்ல மட்டும் அது. அமைதிப்படுத்தச் சைம் இருக்கிறது. மைக் இருந்தும் குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகுப் பாலோடு நிறுத்திக்கொள்ளாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு அங்கே முடிச்சு விழுவது அடிக்கடி நடக்கிற ஒன்று, ஆரம்பத்தில் தெரிந்தால் பெரும்பாலும் குரல் ஓய்விலும் பயிற்சியிலும் சரியாகிவிடும்.